பீகாரின் வேலைக் கணக்கு, செங்குன்றத்து மில்லில் இருந்து: பிஎல்எஃப்எஸ் பற்றி ஒரு விமர்சனம்

மாதவரத்தில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். செங்குன்றத்து அரிசி மில்கள், மணலிப் பக்கம் சில ஃபேப்ரிகேஷன் ஷெட்கள், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய குடோன்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். என் மேஜைக்கு வரும் மஸ்டர் ரோல்களில், அதாவது ஆள் வருகைப் பதிவேடுகளில், பாதிக்கு மேல் வெளிமாநிலப் பெயர்கள். அதிலும் பீகார்க்காரர்கள் அதிகம். தர்பங்கா, மதுபனி, சுபால், கடிஹார் என்று ஆதாரில் இருக்கும் மாவட்டப் பெயர்கள் எனக்கு இப்போது திருவள்ளூர், பொன்னேரி மாதிரி பழகிவிட்டன.

நான் விமர்சனம் எழுத எடுத்திருப்பது ஓர் அரசுச் சேவையை. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. எல்லாரும் பிஎல்எஃப்எஸ் என்றுதான் சொல்கிறார்கள். யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, என்ன வேலை, என்ன கூலி என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு, மாநிலவாரியாக அட்டவணை போட்டு, காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். நான் இதை முக்கியமாகப் பீகாருக்காகப் படிக்கிறேன். என் வாடிக்கையாளர்கள் வருஷாவருஷம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது: ஆள் எப்போது திரும்பி வருவார்கள், போன வருஷக் கூலிக்கே வருவார்களா, இனிமேல் வராமலே போய்விடுவார்களா.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசில்லாமல் கிடைப்பதில் இதைவிட நல்ல வேலைக் கணக்கு இந்தியாவில் இல்லை. 5 நட்சத்திரத்துக்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் முதல் பக்கத்தில் இருக்கும் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களுக்கு, அதுவும் பீகார் மாதிரி ஒரு கிராமப்புற மாநிலத்துக்கு, இது தப்பான படத்தைத்தான் காட்டும். தப்பு கணக்கில் இல்லை, படிக்கும் விதத்தில் இருக்கிறது.

பீகார் எந்த அளவுக்குக் கிராமம் என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்த 10.4 கோடிப் பேரில் 100க்கு 89 பேர் கிராமத்தில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அப்போதே கிட்டத்தட்டப் பாதி நகரம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர், மாநிலங்களிலேயே அதிக நெருக்கம். 2000இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது தன்பாத் நிலக்கரி, பொகாரோ எஃகு ஆலை, ஜாம்ஷெட்பூர் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் மிஞ்சியது வண்டல் மண்ணும், கோசி ஆற்று வெள்ளமும், துண்டு துண்டான நிலமும்தான். அதனால் ஆண்கள் ரயில் ஏறுகிறார்கள்.

இனி அந்த முதல் பக்கத்து எண். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையான ஆண்டறிக்கையில் கேரளத்தின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம். தமிழ்நாடு 3.5. பீகார் சுமார் 3 சதவீதம்தான். இதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஒரு மில் அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "என்னம்மா, நம்மளவிட அங்க வேலை நல்லாக் கிடைக்குது போல. அப்புறம் எதுக்கு இவ்வளவு பேரு இங்க வர்றாங்க?"

சரியான கேள்வி. அறிக்கையின் பின்னால் இருக்கும் வரையறைகளைப் படித்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். 'வழக்கமான நிலை' என்று ஒரு கணக்கு இருக்கிறது. கடந்த 365 நாளில் ஒருவர் பெரும்பகுதி என்ன செய்தார் என்று முதலில் பார்ப்பார்கள். அப்படி வேலை இல்லாவிட்டாலும், 30 நாளோ அதற்கு மேலோ ஏதாவது வேலை செய்திருந்தால் அவரும் வேலை உள்ளவர்தான். நடவுக்கு ஒரு மாதம் போனவர் அந்த வருஷம் முழுக்க வேலையில்லாதவர் ஆக மாட்டார். 'நடப்பு வார நிலை' என்று இன்னொன்று. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், அவரும் வேலை உள்ளவர். இந்த ஒரு மணி நேர விதி உலகம் முழுக்க ஏறக்குறைய இப்படித்தான், இதில் சூது எதுவும் இல்லை. ஆனால் அப்பா சம்பளத்தில் டிகிரி முடித்துவிட்டு, நல்ல வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைதான் இந்த முறையில் 'வேலையில்லாதவர்' பட்டியலில் வருவான். காத்திருக்க வழியில்லாத வீட்டில் எல்லாரும் ஏதாவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே ஏழை மாநிலத்தில் இந்த எண் குறைவாக வருவது அதிசயம் இல்லை. அண்ணாச்சியிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப அந்த நம்பரால என்னம்மா பிரயோஜனம்?" என்றார். அதைப் பார்க்க அடுத்த பக்கங்களுக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கங்களில் வேலையின் தரம் இருக்கிறது. நாடு முழுவதுக்கும் பார்த்தால், சுயதொழில் என்ற பிரிவில் வருபவர்கள் 2017-18இல் 52.2 சதவீதம், 2023-24இல் 58.4. விவசாயத்தில் இருப்பவர்கள் 44.1இல் இருந்து 46.1. நாடு வளரும்போது ஆட்கள் நிலத்தை விட்டு வெளியே வருவார்கள் என்றுதான் பாடத்தில் படித்தோம். இங்கே பங்கு ஏறியிருக்கிறது. கோவிட் சமயத்தில் ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதி திரும்பவே இல்லை என்பதை என் ரெஜிஸ்டர்களிலும் பார்த்தேன். அவர்களது பழைய யுஏஎன், அதாவது பி.எஃப். கணக்கு எண்கள், அப்படியே தூங்கின, புதுப் பெயர்கள் வந்தன.

இந்த ஆய்வின் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அதன் கேள்வித்தாளைப் படித்தபோதுதான். அட்டவணை 10.4 என்று அதற்குப் பெயர், இணையத்திலேயே கிடைக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு, கணக்கு முடிக்கப் போன ஒரு நாள், ஒரு மில்லில் மூட்டை தூக்கும் ஒருவரோடு உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தேன். தர்பங்கா பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். என் ஹிந்தி வேலைக்கு ஆகும் அளவு வரும். மிச்சத்துக்கு மேஸ்திரி பக்கத்தில் இருந்தார்.

ஆறாவது பகுதியில் கடந்த 7 நாளுக்கும் தனித்தனியாக இடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் என்ன வேலை, எத்தனை மணி நேரம், அதோடு கூடுதலாக எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தாலும் செய்யத் தயாராக இருந்தார் என்று எழுத வேண்டும். திங்கள் 10 மணி நேரம். செவ்வாய் 11, ஆந்திராவில் இருந்து நெல் லாரி வரிசையாக வந்து நின்ற நாள். புதன் லோடு இல்லை, காலையில் களத்தைக் கூட்டி, கிழிந்த சாக்குகளைப் பிரித்து வைத்ததோடு சரி, 2 மணி நேரம். வியாழன் சுத்தமாக வேலை இல்லை, கூலியும் இல்லை, ஷெட்டில் படுத்திருந்தார். வெள்ளி, சனி 26 கிலோ அரிசிச் சிப்பங்களை லாரியில் ஏற்றி அனுப்பிய நாட்கள், 12 மணி நேரம் வீதம். ஞாயிறு அரை நாள். புதனுக்கும் வியாழனுக்கும் 'கூடுதல் வேலைக்குத் தயாரா' என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். 8 மணி நேரம் எழுதச் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புதனுக்கு 8, வியாழனுக்கு 10 என்று மாற்றச் சொன்னார். ஏன் என்றேன். வியாழன்தான் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நாள், அன்றைக்கு எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்திருப்பேன் என்றார்.

தலைப்புச் செய்தியில் இவர் ஒரே ஒரு 'வேலை உள்ளவர்'. கேள்வித்தாளில் இவரது வெறும் வியாழக்கிழமை பதிவாகிறது. இந்த விவரம் சேகரிக்கப்படுகிறது, மூலத்தரவிலும் கிடைக்கிறது. வேலை இல்லாத நாட்களை மனித நாட்களாகக் கணக்கிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் ஓர் அரசுப் படிவத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, படிவங்கள் நிரப்புவதே என் பிழைப்பு.

இவரை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பது அடுத்த விஷயம். எனக்கு இதுதான் மொத்த ஆய்விலும் மிக முக்கியமானது. விதி இப்படி: வீட்டில் இருந்து 6 மாதத்துக்குள் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறவர் தற்காலிகமாக வெளியே போனவர், அவர் அந்த வீட்டு உறுப்பினராகவே இருப்பார். 6 மாதமோ அதற்கு மேலோ வெளியே இருப்பவர், இருக்கும் இடத்து உறுப்பினர். நம்ம தர்பங்காக்காரர் சத் பூஜை முடித்துக் கிளம்பி வருவார், ஹோலிக்கு ஊருக்குப் போவார், திரும்ப வந்து நெல் நடவுக்கு ஒரு தடவை போவார். ஒரே மூச்சில் 6 மாதம் இங்கே இருப்பதே இல்லை. ஆய்வாளர் அவர் ஊர் வீட்டுக்குப் போனால், மனைவியோ அப்பாவோ இவருக்காகப் பதில் சொல்வார்கள். செங்குன்றத்தில் இவர் தூக்கும் சிப்பங்கள் பீகார் கிராமத்து வேலைவாய்ப்பாகப் பதிவாகும். அவர் ஊரில் வேலை கிடைக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவருக்கு ஏதோ ஓர் ஊரில் வேலை கிடைக்கிறது, அவ்வளவுதான். அண்ணாச்சியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. அந்த 3 சதவீதத்துக்குள் அவர் மில்லும் இருக்கிறது.

வருஷக்கணக்கில் இங்கேயே தங்கிவிட்டவர்கள் வேறு மாதிரி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் 8 பேர் ஷெட்டில் இருந்தால், விதிப்படி அது ஒரு குடும்பம். தமிழ்நாட்டுக் கணக்கில் வர வேண்டும். மில் கேட்டுக்குள், தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டை வீட்டுப் பட்டியல் எடுப்பவர்கள் பார்ப்பார்களா என்பது எனக்குத் தீராத கவலை. அவர்கள் ஊரில் விட்டுவந்த குடும்பம் என்ன ஆகிறது? அந்த வீட்டுக்கு வருமானம் விவசாயத்திலும் இல்லை, கூலியிலும் இல்லை, இங்கே இருந்து போகும் பணத்தில். கிராமத்துக் குடும்பங்களை வருமானத்தை வைத்து வகை பிரிக்கும் அட்டவணையில், சுயதொழில், மாதச் சம்பளம், தினக்கூலி எல்லாம் போக, கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் வரும். பென்ஷன்காரர் வீட்டோடு, மணியார்டரும் போன்பேயும் நம்பி வாழும் வீடும் அங்கேதான் விழுகிறது. பத்திரிகைகளில் யாரும் அந்தக் கட்டத்தை எடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. பீகாரைப் புரிந்துகொள்ள நான் முதலில் போகும் கட்டம் அதுதான்.

ஆண்கள் கிளம்பிப் போன வீட்டில் வேலை நிற்பதில்லை. எருமையும், விளைச்சலில் பங்கு பேசி எடுத்த நிலமும் மனைவி கையில். 2017-18 அறிக்கையில் பீகாரில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 100 பேரில் 5 பேர் கூட வேலை செய்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரண்டையும் சேர்த்த தொழிலாளர் கணக்கில் வரவில்லை, நாட்டிலேயே மிகக் குறைவு. அதற்கு அப்புறம் பல மடங்கு ஏறியிருக்கிறது. நாடு முழுக்கவே கிராமத்துப் பெண்களின் பங்கேற்பு 24.6இல் இருந்து 2023-24இல் 47.6 சதவீதம் ஆனது. பெரிய மாற்றம்தான். ஆனால் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் பிரிவில் இருப்பவர்கள் அதே காலத்தில் 51.9இல் இருந்து 67.4 ஆகியிருக்கிறார்கள். இந்தப் பிரிவுக்குள் 'குடும்பத் தொழிலில் கூலி இல்லாத உதவியாளர்' என்று ஒரு தனி எண் உண்டு, 21. எருமைக்குப் புல் அறுத்து, பால் கறந்து, மாமனாரிடம் காசைக் கொடுக்கும் பெண் அந்த 21. முன்பு இவர்களை 'வீட்டு வேலை மட்டும்' என்று எழுதிவிட்டுப் போன இடங்களில் இப்போது ஒழுங்காகக் கேட்டு எழுதுகிறார்கள் என்றால் அது ஆய்வின் வெற்றி. அதைப் புது வேலை கிடைத்ததாகக் கொண்டாடினால் அநியாயம்.

கூலிக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் முதலாளிகள் உண்மையில் கேட்பது இதைத்தான். தினக்கூலிக்காரரின் ஒரு நாள் சராசரி வருமானம் நாடு முழுக்க 2017 ஜூலை-செப்டம்பரில் 294 ரூபாய், 2024 ஏப்ரல்-ஜூனில் 433 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு 16,538இல் இருந்து 20,702. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்காத எண்கள் இவை. 7 வருஷத்தில் அரிசி விலையும் வாடகையும் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். இந்த அட்டவணையை மாநிலவாரியாக, ஆண் பெண் பிரித்து, கிராமம் நகரம் பிரித்து, காலாண்டுவாரியாகப் போடுகிறார்கள். பீகார் கிராமத்து ஆண்கள் வரியையும் தமிழ்நாட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ரயில் ஏன் இந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதே ரயில் ஏன் இங்கே நிற்பதில்லை என்று தெரிய வேறு ஒரு புத்தகத்தைத் திறக்க வேண்டும். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில், கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் 2022-23 தினக்கூலி கேரளத்தில் 852 ரூபாய்க்கு மேல், நாட்டின் சராசரி 393. தன்பாத்தில் இருந்து ஆலப்புழைக்கே நேராக எக்ஸ்பிரஸ் இருக்கும்போது செங்குன்றத்தில் ஏன் இறங்க வேண்டும்? ஓ.டி. பணத்தைப் பிடித்துவைக்கும் முதலாளிகளிடம் நான் இந்த இரண்டு பக்கங்களையும் காட்டுவேன். பேச்சு அதற்கப்புறம் கொஞ்சம் சுலபமாகப் போகும்.

குறை என்று நான் ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்வேன்: இடம்பெயர்வு. 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரையான சுற்றில் மட்டும் இடம்பெயர்வு பற்றித் தனிக் கேள்விகள் கேட்டார்கள். 2022 ஜூனில் அறிக்கை வந்தது. மக்களில் 28.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், பெண்களில் 47.9, ஆண்களில் 10.7. பெண்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிப் போனவர்கள். அது கோவிட் வருஷம், ஊருக்கு ஓடியவர்கள் பாதி, ஓட முடியாமல் மாட்டியவர்கள் பாதி. அதை வைத்து சாதாரண வருஷத்தைப் பேச முடியாது. வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களின் உழைப்பில் ஓடும் நாட்டில், இந்தக் கேள்வி எப்போதோ ஒரு தடவை கேட்கும் கேள்வியாக இருக்கக் கூடாது. வருஷாவருஷம் இருக்க வேண்டும்.

எண் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2020இல் ஊரடங்கில் நடந்தே போனவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற தரவு இல்லை என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். அடுத்தது 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அந்த வாரம்தான் ஹோலி. ஷெட்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று எந்த முதலாளிக்கும் தெரியவில்லை. வழக்கமாக மார்ச்சில் எத்தனை பேர் ஊருக்குப் போவார்கள் என்று கைகாட்ட ஓர் எண் இருந்திருந்தால் பாதிப் பதற்றம் அடங்கியிருக்கும். அந்த வருஷம் நவம்பரில் பீகார் அரசு வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பின் பொருளாதார விவரங்களில் சுமார் 46 லட்சம் பேர் பிற மாநிலங்களில் வேலையில் இருப்பதாக வந்தது. அதே கணக்கெடுப்பில், மாநிலத்துக் குடும்பங்களில் 34 சதவீதத்துக்கு மாத வருமானம் 6,000 ரூபாய்க்குள். 3 சதவீத வேலையின்மையையும் இதையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

2025 ஜனவரியில் ஆய்வின் அமைப்பை மாற்றினார்கள். இது நல்ல மாற்றம். முன்பு வருஷத்துக்கு ஒரு லட்சம் குடும்பங்களுக்குக் கொஞ்சம் மேல், இப்போது 2.72 லட்சம். மாவட்டத்தை அடிப்படைப் பிரிவாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். ஒரே குடும்பத்தை அடுத்தடுத்து நான்கு மாதம் போய்ப் பார்க்கிறார்கள், கிராமத்திலும். ஆண்டுக் கணக்கும் ஜூலை-ஜூனில் இருந்து ஜனவரி-டிசம்பருக்கு மாறியிருக்கிறது. மாதாந்தர அறிக்கை வர ஆரம்பித்தது, முதலாவது 2025 ஏப்ரலுக்கு, வேலையின்மை 5.1 சதவீதம். இது வார நிலைக் கணக்கு, ஆண்டறிக்கையின் 3.2 வழக்கமான நிலை. இரண்டையும் ஒப்பிட்டு 'வேலையின்மை ஏறிவிட்டது' என்று எழுதியவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். மாதாந்தர அறிக்கை நாடு முழுவதுக்கும்தான், மாநிலத்துக்கு இல்லை. ஆனாலும் நடவு, அறுவடை, பண்டிகை என்று கிராமத்து வேலை ஏறி இறங்குவது இதில் தெரிகிறது. எனக்கு அதுவே பெரிய உதவி.

மூலத்தரவு வேண்டும் என்றால் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயர் பதிந்து, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரி எதுவும் அதில் இருக்காது. இடைவெளியே இல்லாத எண் வரிசையாக வரும், எந்த இடத்தில் எந்த விவரம் என்று தனி எக்ஸெல் தாள் சொல்லும். பீகாரின் எண் 10, தமிழ்நாடு 33. ஒவ்வொரு வரிக்கும், அந்த ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் ஒரு பெருக்கல் எண் உண்டு, அதைச் சரியாக 100ஆலோ 200ஆலோ வகுக்க வேண்டும், எந்த வரிக்கு எது என்று குறிப்பில் இருக்கிறது. புள்ளியியல் படிக்கும் அண்ணன் மகள்தான் எனக்கு இதைச் செய்து கொடுக்கிறாள். "அத்தை, சதவீதத்தை நம்புங்க, மொத்த ஆளு எண்ணிக்கையை இதுலேர்ந்து எடுக்காதீங்க" என்று அவள் சொன்னது முக்கியமான எச்சரிக்கை. மொத்த எண்ணிக்கை வேண்டுமானால் மக்கள்தொகை மதிப்பீட்டோடு இந்தச் சதவீதத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதே மாதிரி, சின்னச் சின்னப் பிரிவுகளுக்குப் போகும்போது ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் பிழை அளவைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

இந்தக் கணக்கை நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதல் அறிக்கையின் கதையை மறக்கக் கூடாது. 2017-18 அறிக்கை தயாராகியும் வெளிவரவில்லை என்று தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். மே 31ஆம் தேதி வெளிவந்த அறிக்கையில் வேலையின்மை 6.1 சதவீதம். தங்கள் பதவியை விட அந்த அட்டவணைகள் பெரிது என்று நினைத்தவர்கள் அந்த ஆணையத்தில் இருந்தார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். 1972-73இல் இருந்து, ஏறக்குறைய 5 வருஷத்துக்கு ஒரு தடவை, இதே மாதிரிக் கேள்விகளோடு ஊர் ஊராகப் போன ஆய்வாளர்களின் தொடர்ச்சி இது.

மற்ற கணக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தினமும் கையாளும் பி.எஃப். சம்பளப் பட்டியல் தரவு மாதாமாதம் வருகிறது, நல்லதுதான், ஆனால் 20 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்துக்குச் சட்டம் பொருந்தாது. செங்குன்றத்தில் பல மில்கள் 20ஐத் தாண்டாத மாதிரியே பார்த்துக்கொள்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு 30 கோடியைத் தாண்டிவிட்டது, ஆனால் அது பதிவு செய்த அன்றைக்கு ஒருவர் சொன்னது. இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. தனியார் நிறுவனமான சிஎம்ஐஇயின் கணக்கு வேகமாக வரும், முழுசாக வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். இவற்றில், வீட்டுக்குள் போய், யாரும் பதிவு செய்யாத வேலையையும் கேட்டு எழுதி, காசு வாங்காமல் முழுசாகக் கொடுப்பது பிஎல்எஃப்எஸ் மட்டும்தான்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்தவர். 1918இல் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்று கணக்கோடு பேச ஆரம்பித்த ஊர் இது. இன்றைக்கு அதே வடசென்னையில் மூட்டை தூக்குகிறவர்கள் வேறு மொழி பேசுகிறார்கள். அவர்களுக்காகப் பேச சங்கம் இல்லை, ஓட்டும் இங்கே இல்லை. ஒரு ஆய்வாளர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதும் எண்கள்தான் மிச்சம். அறிக்கை தமிழில் வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 4 பக்கத்துச் சுருக்கமாவது தமிழில் வந்தால், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களில் ஒட்டிவைப்பார்கள்.

புதிதாகத் திறக்கிறவர்கள் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், மாதாந்தரம் வேண்டாம். முதலில் வரையறைகள் இருக்கும் அத்தியாயத்தைப் படியுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள். அப்புறம் கிராமத்துக் குடும்ப வகை அட்டவணையில் உங்கள் மாநிலத்து 'மற்றவை' கட்டம். அடுத்து சுயதொழிலைச் சொந்தக் கணக்கில் செய்பவர், கூலி இல்லாத உதவியாளர் என்று பிரித்துக் காட்டும் அட்டவணை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. அதற்கப்புறம் தினக்கூலி, 4 காலாண்டும். வேலையின்மை விகிதத்தைக் கடைசியாகப் பாருங்கள்.